எத்தனை வாட்னு கேக்காதீங்க, பிரேக் எங்கன்னு கேளுங்க

ஒவ்வொரு வருஷமும் ப்ராஜெக்ட் எக்ஸ்போ அன்னிக்கு நம்ம வராண்டாவுல ஒரு காற்றாலையாவது நிக்கும். பிவிசி பைப்பை நீளவாக்குல அறுத்து செஞ்ச மூணு இறக்கை, பழைய மோட்டார் ஒண்ணு, வெல்டிங் அடிச்ச ஸ்டாண்டு, ஓரத்துல ஒரு எல்இடி ஸ்ட்ரிப். முன்னாடி பெடஸ்டல் ஃபேனை வெச்சு ஸ்விட்சைப் போட்டா இறக்கை சுத்தும், எல்இடி எரியும், எல்லாரும் கை தட்டுவோம். பேனல்ல உக்காந்திருக்கறவர் கேக்கற முதல் கேள்வி: "எத்தனை வாட் வருது?"

அது தப்பான கேள்வின்னு நான் சொல்ல வரல. ஆனா ரெண்டாவதா கேக்க வேண்டிய கேள்வி அது. முதல்ல கேக்க வேண்டியது, "காத்து அளவுக்கு மீறி அடிச்சா இது என்ன பண்ணும்?" நான் புரட்டிப் பார்த்த ரிப்போர்ட்கள்ல இதுக்கு அரைப்பக்கம் கூட இருக்காது. கடைசி அத்தியாயத்துல, 'ஃபியூச்சர் ஸ்கோப்'ங்கற தலைப்புக்குக் கீழ, "தானியங்கி பிரேக் சேர்க்கலாம்"னு ஒரு வரி இருக்கும். பிரேக்கை ஃபியூச்சர் ஸ்கோப்ல வெச்சிருக்கற பைக்கை நீங்க ஷோரூம்ல இருந்து ஓட்டிட்டு வருவீங்களா?

ஃபேன் முன்னாடி சுத்தறது வரைக்கும் இது வெறும் சிரிப்பு. ஆனா யூடியூப் பார்த்துட்டு இதையே வீட்டு மாடியில, தோட்டத்துல, கம்பம் நட்டு மேல ஏத்தறவங்க இருக்காங்க. நம்ம சீனியர் ரிப்போர்ட்டை வாங்கிட்டுப் போய் அப்படியே கட்டறவங்களும் இருக்காங்க. அப்போ அது ஜனங்க தலைக்கு மேல சுத்தற மெஷின். பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது.

நம்ம ஊர்க் காத்தைப் பத்தி முதல்ல பேசிடுவோம். தமிழ்நாட்டுல பெரிய காற்றாலைப் பண்ணைங்க இருக்கறது கணவாய்களை ஒட்டி: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கற அந்த இடைவெளிகள் வழியா தென்மேற்குப் பருவக்காத்து பிதுங்கி வரும். ஆத்தூர் அந்தப் பட்டியல்ல இல்ல. வடக்க கல்வராயன், தெற்க பச்சைமலை, நடுவுல வசிஷ்ட நதின்னு நமக்கும் ஒரு இடைவெளி இருக்கத்தான் செய்யுது. ஆனி, ஆடியில அந்த வழியா காத்து நல்லாவே வரும். மத்த மாசங்கள்ல பெரும்பாலும் மரவள்ளி இலை ஆடற அளவுதான்.

அப்போ நமக்கு எதுக்கு பலத்த காத்தைப் பத்தின கவலைன்னு தோணும். சித்திரை, வைகாசி சாயங்காலத்தை நினைச்சுப் பாருங்க. நாள் பூரா அனல், ஒரு இலை அசையாது. நாலரை மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும். மழைக்குள்ள குளிர்ந்த காத்து கனமாகி மேல இருந்து கீழ விழும், தரையில மோதி நாலா பக்கமும் சிதறும். பத்து நிமிஷத்துல வாழைத் தோட்டம் படுத்திடும், பாக்கு மரம் முறியும், தகரக் கூரை பக்கத்துக் காட்டுல கிடக்கும். அப்புறம் மறுபடி அமைதி. வருஷத்துல முக்கால்வாசி நாள் மெல்லிசான காத்து, சில சாயங்காலம் மட்டும் சூறை. வீட்டுக் காற்றாலைக்கு இதைவிட மோசமான ஊர் கிடைக்காது. மெல்லிசான காத்துல சுத்தணும்னா இறக்கை பெருசா, லேசா இருக்கணும். பெருசா லேசா இருக்கறதுதான் சூறைக்காத்துல முதல்ல பிய்ஞ்சு போகும்.

கொஞ்சம் கணக்கு போடுவோம். எக்ஸாம் இல்ல, பயப்படாதீங்க.

2 மீட்டர் விட்டமுள்ள ரோட்டார். அது துடைக்கற பரப்பு 3.14 சதுர மீட்டர். நம்ம வெயிலுக்கு காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1.15 கிலோ. காத்துல இருக்கற திறன், வேகத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும்னு எல்லாருக்கும் தெரியும். விநாடிக்கு 4 மீட்டர் காத்துல அந்த வட்டத்துக்குள்ள போறது சுமார் 115 வாட். எவ்வளவு நல்ல இறக்கையா இருந்தாலும் அதுல 59.3 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாதுன்னு ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருஷத்துக்கு முன்னாடியே காட்டிட்டார். நம்ம கைவேலைக்கு, ஜெனரேட்டர் இழப்பெல்லாம் போக, கால்வாசி கிடைச்சா சந்தோஷம். அதாவது 30 வாட். ரெண்டு மூணு எல்இடி பல்பு.

இப்போ அதே ரோட்டாரை விநாடிக்கு 25 மீட்டர் காத்துல நிறுத்துங்க. மணிக்கு 90 கிலோமீட்டர். வேகம் ஆறே கால் மடங்குதான் கூடியிருக்கு, ஆனா திறன் 244 மடங்கு. வட்டத்துக்குள்ள வர்றது 28 கிலோவாட். அதுல கால்வாசியை இறக்கை பிடிச்சாலும் 7 கிலோவாட். 300 வாட் ஜெனரேட்டரோட தலையில 7 கிலோவாட்டை ஊத்தினா அது என்ன பண்ணும்? காயில் புகையும். காயில் போச்சுன்னா சுமை போச்சு, சுமை போச்சுன்னா ரோட்டாரைப் பிடிச்சு நிறுத்த எதுவுமே இல்ல, கண்டபடி சுத்தும்.

அந்த 'கண்டபடி'க்கு ஒரு எண் கொடுக்கறேன். நல்லா ஓடற மூணு இறக்கை மெஷின்ல இறக்கை நுனி, காத்தைப் போல ஆறு மடங்கு வேகத்துல போகும். விநாடிக்கு 12 மீட்டர் காத்துல நுனி வேகம் 72 மீட்டர், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர். இறக்கை ஒண்ணோட எடை 600 கிராம், எடை மையம் அச்சுல இருந்து 40 சென்டிமீட்டர்ல இருக்குன்னு வெச்சா, அதை அச்சுல இருந்து பிய்க்கப் பார்க்கற விசை சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். சுமை இல்லாம வேகம் ரெட்டிச்சா விசை நாலு மடங்கு: அரை டன். நீங்க பிடிச்சு வெச்சிருக்கறது ரெண்டு 6 எம்எம் போல்ட்டும் வெயில்ல ரெண்டு வருஷம் காஞ்சு மொறுமொறுன்னு ஆன பிவிசியும். பிவிசி முதல் ஓட்டை போட்ட இடத்துலதான் கிழியும். கிழிஞ்ச துண்டு எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது.

கம்பத்தையும் பார்த்துடுவோம், ஏன்னா அதை யாருமே பார்க்கறதில்ல. விநாடிக்கு 12 மீட்டர் காத்து இந்த ரோட்டாரை பின்பக்கமா சுமார் 24 கிலோ விசையில தள்ளும். 25 மீட்டர் காத்துல அது 100 கிலோவைத் தாண்டும். கடையில கிடைக்கற ரெண்டு இஞ்ச் ஜிஐ பைப், 6 மீட்டர் உயரம், ஸ்டே ஒயர் இல்லாம நட்டிருக்கீங்கன்னு வெச்சுக்கங்க. முதல் நிலையில அடிப்பகுதியில வர்ற தகைவு 160 மெகாபாஸ்கல் பக்கம். பைப் தாங்கும். ரெண்டாவது நிலையில கிட்டத்தட்ட 700. சாதாரண பைப் இரும்பு வளைய ஆரம்பிக்கற அளவைப் போல மூணு மடங்கு. எக்ஸ்போ நாள்ல கம்பீரமா நின்ன அதே பைப் அந்த சாயங்காலம் மடங்கிப் படுத்திடும்.

சிவில் பசங்களுக்கு இது புதுசு இல்ல. ஐ.எஸ். 875 மூணாம் பகுதியில ஊர் ஊரா அடிப்படைக் காற்று வேகம் போட்டிருக்கும். கோவை, மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை எதிர்பார்க்கற, மூணு விநாடி வீசற வேகம் அது. 39 மீட்டர்ல நம்ம ரெண்டு மீட்டர் ரோட்டார் மேல 250 கிலோ தள்ளு விழும், அதுவும் கம்பத்தோட உச்சியில. ஹோர்டிங் வைக்கறதுக்கு இந்தக் கணக்கு கேக்கறாங்க. காற்றாலை ப்ராஜெக்ட்டுக்கு யாரும் கேக்கறதில்ல.

சரி, இதையெல்லாம் நாமதான் முதல்ல கண்டுபிடிச்சோமா? இல்லவே இல்ல. காற்றாலையோட வரலாறே, சுத்த வைக்கறதைப் பத்தினதைவிட அடக்கறதைப் பத்தினதுதான் அதிகம்னு எனக்குப் படுது. ஹாலந்து மாவு மில்லுல இறக்கைச் சட்டத்து மேல துணியை விரிச்சிருப்பாங்க, காத்து கூடினா துணியைச் சுருட்டுவாங்க. கிரீட் தீவுல முக்கோணப் பாய்த் துணியை அந்தந்தக் கம்புலயே சுத்தி வெச்சுடுவாங்க. 1854-ல் அமெரிக்காவுல டேனியல் ஹாலடே பேர் வாங்கினது காற்றாலையைக் கண்டுபிடிச்சதுக்காக இல்ல. காத்து கூடினா ஆள் இல்லாம தானே அடங்கிக்கற காற்றாலையைச் செஞ்சதுக்காக. அந்த ஒரு விஷயம் இருந்ததாலதான் ஆளில்லாத பண்ணையில கிணத்தடியில அதை விட்டுட்டு வர முடிஞ்சுது.

டென்மார்க்ல ஜோஹன்னஸ் யூல் 1957-ல் கெட்ஸர்ல 200 கிலோவாட் காற்றாலை கட்டினார். அதோட இறக்கை நுனிங்க வேகம் மீறினா தானா திரும்பி குறுக்க நின்னு பிரேக் போடும். அது பதினோரு வருஷம் பெரிய தொந்தரவு இல்லாம ஓடிச்சு. அதே நாட்டுல ட்விண்ட்ங்கற இடத்துப் பள்ளிகள்ல ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975-ல் ஆரம்பிச்சு, 1978-ல் 54 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையைச் சுத்த விட்டாங்க. 'வீட்டுல செஞ்சது'ங்கற வார்த்தைக்கு அதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. அவங்க இறக்கைக் கோணத்தைத் திருப்பற வசதியோடதான் கட்டினாங்க. மாணவர்கள் கட்டறாங்கங்கறதுக்காகக் கட்டுப்பாட்டை விட்டுடல.

பிரேக் போகலைன்னா என்ன ஆகும்னு பார்க்கணுமா? 2008 பிப்ரவரியில டென்மார்க்ல ஹார்ன்ஸ்லெட் பக்கத்துல ஒரு காற்றாலை புயல்ல அடங்காம சுத்தி, இறக்கை கோபுரத்துல மோதி சிதறின வீடியோவை நீங்க கண்டிப்பா ஃபார்வர்டுல பார்த்திருப்பீங்க. முழுநேர இன்ஜினியர்கள் செஞ்சு, சர்வீஸ் ஆளுங்க பார்த்துக்கிட்ட மெஷின் அது. பிரேக் கைவிட்டா அவ்வளவுதான்.

நம்ம பக்கமும் ஒரு கதை இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1970-களோட தொடக்கத்துல, அமெரிக்காவுல இருந்த நியூ அல்கெமி இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த மார்கஸ் ஷெர்மன் மதுரைப் பக்கம் தண்ணி இறைக்கறதுக்கு ஒரு காற்றாலை செஞ்சார். அச்சுல இருந்தது மாட்டுவண்டிச் சக்கரம். சக்கரத்துல மூங்கிலைக் கட்டி, மூங்கில் நுனியில இருந்து சக்கர விளிம்புக்கு நைலான் கயிறு இழுத்து, அந்தச் சட்டத்துல முக்கோணமா துணி மாட்டினார். அவ்வளவுதான் இறக்கை. பாய்த் துணியில ஒரு சௌகரியம் என்னன்னா, காத்து கூடினா அதைக் கழட்டிடலாம். கிழிஞ்சாலும் துணிதான் கிழியும், யார் மண்டையும் உடையாது. நம்ம ஊர்ல மூங்கிலும் இருக்கு, துணியும் இருக்கு, ஆனா எந்த ப்ராஜெக்ட்லயும் துணி இறக்கையை நான் பார்த்ததில்ல. பார்க்க 'ஹைடெக்'கா இருக்காதுன்னு ஒரு கூச்சம்.

நம்ம எல்லா ரிப்போர்ட்லயும் முதல் பக்கத்துல வர்றவர் வில்லியம் கம்குவாம்பா. மலாவி நாட்டுல பஞ்சத்துல பள்ளிக்கூடம் போக வழியில்லாம, நூலகப் புத்தகத்தைப் பார்த்து, சைக்கிள் சாமானும் டிராக்டர் ஃபேனும் பிவிசி பைப்பும் வெச்சு 2000-களோட ஆரம்பத்துல காற்றாலை செஞ்ச பையன். சைக்கிளையும் பைப்பையும் நாம காப்பி அடிச்சோம். அவர் ஆணி, செப்புக்கம்பி, காந்தம் வெச்சு சொந்தமா ஒரு சர்க்யூட் பிரேக்கரும் செஞ்சுக்கிட்டார். அதை மட்டும் யாரும் காப்பி அடிக்கல.

இனி விஷயத்துக்கு வருவோம். கைவேலைக் காற்றாலையில பலத்த காத்தைச் சமாளிக்க என்ன வழி? இருக்கறதுலயே அழகான வழியை ஸ்காட்லாந்துல ஸ்கோரெய்க்ங்கற, ரோடு போகாத ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு ஹியூ பிகாட் பல வருஷம் சோதிச்சு, படம் வரைஞ்சு, எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார். அவரோட டிசைனை வெச்சு உலகம் பூரா ஆளுங்க கட்டறாங்க. நம்ம ஆரோவில்ல 'மின்வாயு'ங்கற குழு இதே வகைக் காற்றாலையைக் கையால செய்யற பட்டறைகள் நடத்தியிருக்காங்க.

அந்த வழி இதுதான். ரோட்டாரை கம்பத்து அச்சுக்கு நேரா மாட்டாம சில அங்குலம் பக்கவாட்டுல தள்ளி மாட்டணும். காத்து தள்ளும்போது ரோட்டார் ஒரு பக்கமா முகத்தைத் திருப்பிக்கத்தான் பார்க்கும். திரும்ப விடாம பிடிச்சுக்கறது வால். அந்த வாலை இறுக்கமா வெல்டு பண்ணாம ஒரு கீல்ல மாட்டணும், அந்தக் கீலை செங்குத்தா வைக்காம சுமார் 20 டிகிரி சாய்ச்சு வைக்கணும். கோணலா மாட்டின கதவு தானா வந்து ஒரு இடத்துல நிக்கும் பாருங்க, அதே வேலைதான். வால் தன் எடையால கீழ்நிலையில உக்காந்திருக்கும். காத்து ஒரு அளவைத் தாண்டினா ரோட்டாரோட தள்ளு வாலோட எடையை ஜெயிக்கும். வால் மேல ஏறி மடங்கும், ரோட்டார் காத்துக்குப் பக்கவாட்டா திரும்பும், பிடிக்கற பரப்பு குறையும், வேகம் அடங்கும். காத்து குறைஞ்சா வால் தானா இறங்கி ரோட்டாரைப் பழையபடி காத்துக்கு நேரா கொண்டு வந்துடும்.

இதுல மோட்டார் இல்ல, சென்சார் இல்ல, பேட்டரி இல்ல. நம்ம பசங்க இதைக் கேட்டதும் சொல்றது, "அனிமோமீட்டர் வெச்சு ஆர்டுயினோவுல சர்வோ போட்டுத் திருப்பிடலாமே ப்ரோ". திருப்பலாம். ஆனா சூறைக்காத்து வர்ற அதே பத்து நிமிஷத்துலதான் கரண்ட் போகும், மழைத்தண்ணி கனெக்டர்ல இறங்கும், எட்டு மாசமா அசையாம இருந்த சர்வோ துருப்பிடிச்சு நிக்கும். புவியீர்ப்பு மட்டும் என்னிக்கும் லீவ் போடாது. ஆர்டுயினோவை டேட்டா எடுக்க வைங்க, உயிரைக் காப்பாத்தற வேலையை அதுகிட்ட கொடுக்காதீங்க. இது என் கருத்து, ஈசிஇ நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

வாலோட எடை சரியா இருக்கான்னு பார்க்க விண்ட் டனல் தேவையில்ல. விநாடிக்கு 10 மீட்டர் காத்துல நம்ம ரெண்டு மீட்டர் ரோட்டார் மேல வர்ற தள்ளு சுமார் 16, 17 கிலோ. லக்கேஜ் எடை பார்க்கற தொங்கு தராசு ஒண்ணு வாங்குங்க. காத்தில்லாத நேரத்துல, இறக்கை மாட்டறதுக்கு முன்னாடி, தரையோட ஒரு குட்டைக் கம்பத்துல மெஷினை உக்கார வைங்க. ஒருத்தர் வாலை நகராம பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் ரோட்டார் மையத்துல கயிறு கட்டி, காத்து தள்ளற திசையில தராசு வழியா இழுக்கணும். 17 கிலோ பக்கத்துல மெஷின் திரும்ப ஆரம்பிச்சா கிட்டத்தட்ட சரி. 40 கிலோ வரைக்கும் அசையலைன்னா உங்க வால் ரொம்ப கனம், அந்த மெஷின் அடங்காது. நிஜக் காத்துல ரோட்டார் நடந்துக்கறது கொஞ்சம் மாறும், அதனால மேல ஏத்தினதுக்கு அப்புறமும் எடையைக் கூட்டிக் குறைச்சுத்தான் ஆகணும். ஆனா இந்த ஒரு கிராஃப் எந்த ரிப்போர்ட்லயாவது இருந்தா நான் எழுந்து நின்னு கை தட்டுவேன்.

அடுத்தது மின்சாரப் பக்கம். இங்கதான் நிறைய பேர் தெரியாம மாட்டிக்கறாங்க. சோலார் சார்ஜ் கன்ட்ரோலரை வாங்கி அப்படியே காற்றாலையில மாட்டுவாங்க. சோலார் பேனலோட வயரைக் கழட்டிட்டா அது சும்மா வெயில் காயும், ஒண்ணும் ஆகாது. அதனால பேட்டரி நிறைஞ்சதும் பல கன்ட்ரோலர் இணைப்பை வெட்டிடும். காற்றாலைக்கு பேட்டரிதான் சுமை, அந்தச் சுமைதான் பிரேக். அதை வெட்டினா, நல்ல காத்து அடிக்கற நேரம் பார்த்து ரோட்டாரை அவுத்து விட்டதா அர்த்தம். வோல்டேஜும் எகிறும், கன்ட்ரோலரும் எரியும். காற்றாலைக்கு வேண்டியது, பேட்டரி நிறைஞ்சா மிச்ச கரண்ட்டை ஒரு ஹீட்டர் காயிலுக்குத் திருப்பி விடற ஏற்பாடு. டம்ப் லோடுன்னு சொல்வாங்க. தண்ணியாவது சூடாகும்.

மூணு ஃபேஸ் வயரையும் ஒண்ணா ஷார்ட் பண்ணா நிரந்தரக் காந்த ஜெனரேட்டர் நின்னுடும்னு ஒரு வழி இருக்கு. உண்மைதான். ஒரு ஸ்விட்ச் போட்டு கீழ வரைக்கும் கொண்டு வந்துடுங்க, ரொம்ப உபயோகம். ஆனா காத்து வர்றதுக்கு முன்னாடி போடணும். முழு வேகத்துல சுத்தும்போது போட்டா சில நேரம் ரோட்டார் நிக்காது, காயில்தான் வேகும். வானம் கறுக்கும்போதே போடற பழக்கம் வேணும்.

செங்குத்து அச்சுக் காற்றாலை செஞ்சா இந்தத் தொல்லையே இல்லையேன்னு சிலர் சொல்வாங்க. பீப்பாயை ரெண்டா அறுத்து செய்யற சவோனியஸ் வகை மெதுவா சுத்தும், அது ஒரு பாதுகாப்பு, ஒத்துக்கறேன். ஆனா அது காத்துல இருந்து ஒதுங்கவே முடியாது. அதோட முழு உடம்பும் புயல்ல அப்படியே நிக்கும், கம்பமும் அடித்தளமும் அந்தத் தள்ளைத் தாங்கணும். கொடுக்கற கரண்ட்டும் அந்தக் கனத்துக்குக் கம்மி.

மொட்டை மாடி பத்தி சுருக்கமா: வேண்டாம். கைப்பிடிச் சுவரும் வாட்டர் டேங்கும் பக்கத்து வீட்டுத் தென்னையும் காத்தைச் சுழிக்க வைக்கும், மெஷின் திக்குத் தெரியாம ஆடும், அதிர்வு படுக்கை அறை வரைக்கும் இறங்கும். நூறு, நூத்தம்பது மீட்டருக்குள்ள இருக்கற எல்லாத்தையும்விட பத்து மீட்டராவது உயரமா இருக்கணும்ங்கறது பழைய பாடம். புத்திரகவுண்டன்பாளையத்து முத்துமலை முருகன் 146 அடி உயரத்துல நிக்கறார். நல்ல காத்து கிடைக்கற உயரம் அது.

இவ்வளவும் படிச்சுட்டு, "சரி, இதால ஈபி பில் குறையுமா?"ன்னு கேட்டீங்கன்னா, நேர்மையா சொல்லணும்: குறையாது. சராசரி காத்து விநாடிக்கு 4 மீட்டர்னு வெச்சா நம்ம ரெண்டு மீட்டர் மெஷின் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் பக்கம் கொடுக்கும். ஒரு கிலோவாட் சோலார் சும்மா கூரையில கிடந்தே நாலு யூனிட் கொடுக்கும். ஆத்தூர் வெயிலுக்கு சோலார்தான் கெட்டிக்காரத்தனம். "வீட்டுக்கு வீடு காற்றாலை"ன்னு போஸ்டர் அடிக்கறவங்களை நம்பாதீங்க.

அப்புறம் எதுக்கு கட்டணும்? ஏன்னா ஏரோடைனமிக்ஸ், அதிர்வு, காந்தம், காயில், வெல்டிங், அடித்தளம், பேட்டரி, எல்லாமே ஒரே மெஷின்ல வர்ற வேற ப்ராஜெக்ட் கிடையாது. தப்பு பண்ணா இயற்கையே மார்க் போடும். அதோட, இதுக்கு வேண்டிய கைங்க எல்லாம் நம்ம ஊரைச் சுத்தியே இருக்கு. புவிசார் குறியீடு வாங்கின தம்மம்பட்டி மரச்சிற்பம் பக்கத்துலதான். சாமி சிலை செதுக்கற கைக்கு ஒரு ஏரோஃபாயில் டெம்ப்ளேட் கொடுத்தா என்ன வரும்னு யாராவது யோசிச்சிருக்கோமா? பிகாட் டிசைன்ல இறக்கை மரத்துலதான் செதுக்கறாங்க. திரும்பத் திரும்ப வளைஞ்சு நிமிர்றதை மரம் பிவிசியைவிட நல்லா தாங்கும். எந்த மரம் லேசு, எது வெடிக்காதுன்னு அவங்களைத்தான் கேக்கணும். போர்வெல் மோட்டாருக்கு காயில் கட்டறவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே இருக்கார், ஸ்டேட்டர் காயிலை நம்மைவிட சுத்தமா சுத்திக் கொடுப்பார். பேரிங்குக்கு பழைய மாருதி வீல் ஹப் போதும். ஆன்லைன்ல '400 வாட்'னு எழுதின டப்பாவை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அதனால டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு கோரிக்கை. காற்றாலை ப்ராஜெக்ட் ரெவ்யூவுல முதல் சுற்றுலயே, இறக்கையை வெட்டறதுக்கு முன்னாடியே, காத்து மீறினா மெஷின் எப்படி அடங்கும்ங்கற கணக்கை வாங்குங்க. அது இல்லாம அடுத்த ரெவ்யூவுக்கு அனுப்பாதீங்க. ரெண்டாவது, வருஷா வருஷம் புதுசா ஒண்ணு செஞ்சு ஸ்டோர் ரூம்ல போடறதுக்கு பதிலா, மைதானத்து ஓரத்துல ஒரே ஒரு காற்றாலையை நிரந்தரமா நிறுத்துவோம். ஒரு பேட்ச் கட்டட்டும், அடுத்த பேட்ச் வாலைத் திருத்தட்டும், அதுக்கடுத்தது இறக்கையை மாத்தட்டும். கூடவே ஒரு அனிமோமீட்டர், ஒரு நோட்டு. எந்த தேதியில எவ்வளவு காத்துல வால் மடங்குச்சு, எந்த போல்ட் லூஸ் ஆச்சுன்னு எழுதி வைப்போம். சென்னை பள்ளிக்கரணையில இருக்கற தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்துக்கு கயத்தாறுல சோதனை நிலையம் இருக்கு. நம்ம நோட்டை எடுத்துக்கிட்டு ஐவி போனா கேக்கறதுக்கு நல்ல கேள்விங்க கையில இருக்கும்.

கம்பத்தை மட்டும் அடியில கீல் வெச்சு, சாய்ச்சு இறக்கற மாதிரி நடணும். நாலு பக்கம் ஸ்டே ஒயர், ஒரு வின்ச் அல்லது செயின் பிளாக். 2011-ல் தானே புயல் மாதிரி ஒண்ணு கடலூர்ல கரை ஏறுதுன்னு தெரிஞ்சா நமக்கு ஒரு நாள் நேரம் இருக்கும். ரோட்டாரை ஷார்ட் பண்ணி நிறுத்திட்டு, நாலு பேர் சேர்ந்து அரை மணி நேரத்துல தரையில படுக்க வெச்சுடலாம். இறக்கும்போது கம்பம் விழக்கூடிய வட்டத்துக்குள்ள யாரும் நிக்கக் கூடாது, ஃபோட்டோ எடுக்கறவங்களும்தான்.